பிறந்த குதிரைக்குட்டியின் சிறுநீர்ப்பைக் கிழிவும் அதனைச் சார்ந்த கோளாறுகளும்

புனே நகரிலிருந்து சோலாப்பூர் நோக்கிச் செல்லும் சாலையில் கிழக்கே அமைந்துள்ள ஹடப்சர், இன்று தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் செறிந்த புறநகராகும். எனினும் குதிரைக்கும் அவ்வூருக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. புனேப் பந்தயத் திடலின் வரலாறு 1830-ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. 1946-இல் சோலி பூனாவாலா இவ்வட்டாரத்தில் உயர்சாதிப் பந்தயக் குதிரைகளுக்கான வளர்ப்புப் பண்ணையொன்றை நிறுவினார். அப்பண்ணையில் ஓய்வு பெற்ற குதிரைகள் ஊநீர் எடுக்கும் பொருட்டுப் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்துக்கு அளிக்கப்பட்டு வந்தன. அந்த ஊநீரை ஏன் தாமே தயாரித்தல் ஆகாது என்னும் எண்ணத்தினின்றும் 1966-இல் ஹடப்சரில் சைரஸ் பூனாவாலாவின் சீரம் நிறுவனம் தோன்றிற்று. இன்று தடுப்பூசிகளுக்குப் பெயர் பெற்ற அந்நிறுவனத்தின் வேர், குதிரை லாயத்தில் உள்ளது என்பதைப் பலர் அறியார்.

உயர்சாதிப் பந்தயக் குதிரைகள் யாவற்றுக்கும் வயது சனவரி முதல் நாளிலிருந்தே கணக்கிடப்படுகின்றது. ஆகையால் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே குட்டிகள் பிறக்குமாறு பண்ணைக்காரர் ஏற்பாடு செய்கின்றனர். இம்மாதங்களில் இரவு பகலாகக் காவல் இருப்பவர்கள் லாயப் பணியாளர்களும் கால்நடைத் துறையின் களப் பணியாளர்களுமே. பெண்குதிரை ஏறத்தாழப் பதினொரு மாதம் சினைப்பட்டிருந்து பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனுகின்றது. அக்குட்டி மூன்றாம் நாள் இறந்துபடின், ஓராண்டின் முதலும் உழைப்பும் அதனோடு போகின்றன. பந்தயக் குதிரை வைத்திருக்கும் செல்வர் அதனைத் தாங்கிக் கொள்ளக்கூடும். ஒரே மட்டக்குதிரையை வைத்து வண்டி ஓட்டிப் பிழைப்பவர் தாங்க மாட்டார்.

இது வடக்கத்திச் செய்தி என்று தமிழ்நாட்டுப் பணியாளர் ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குக் குதிரைகள் திரளாக வருகின்றன. கிண்டியிலும் உதகையிலும் பந்தயத் திடல்கள் அமைந்தன. மலைப்பாதைகளில் சுமை தூக்கும் மட்டக்குதிரையும், கழுதையும் உடலமைப்பில் பந்தயக் குதிரைக்கு இனமானவையே; அவற்றின் குட்டிகளுக்கும் இக்கோளாறு நேரக்கூடும். பாண்டிய நாட்டில் கடல் வழியாக வந்திறங்கிய குதிரைகள் பராமரிப்பு அறிவின்மையால் பெரும் எண்ணிக்கையில் மடிந்தன என்று மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டில் எழுதிச் சென்றார். அக்குறை இக்காலத்தில் நீடிக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

கருவில் சிறுநீர் செல்லும் வழி

தாயின் கருப்பையில் இருக்கும் குட்டியின் சிறுநீரகங்கள் அங்கேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. அவை பிரிக்கும் நீர், சிறுநீர் நாளங்கள் இரண்டின் வழியாகச் சிறுநீர்ப்பையை அடைகின்றது. அப்பையின் நுனியிலிருந்து கொப்பூழ் வரை ஒரு மெல்லிய குழாய் ஓடுகின்றது. இதனை யூராகஸ் என்பர். சிறுநீரின் ஒரு பகுதி இதன் வழியே கொப்பூழ்க்கொடியினுள் சென்று, கருவைச் சூழ்ந்துள்ள வெளிப்பையில் சேர்கின்றது. குட்டி பிறந்து கொடி அறுந்தவுடன் இக்குழாய் சுருங்கி மூடிக்கொள்ளுதல் வேண்டும். அதன் பின் சிறுநீர்த்தாரை வழியாகவே சிறுநீர் வெளியேறும்.

ஈற்று நேரத்தில் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க, தாயின் இடுப்பெலும்பு வழியாகக் குட்டி நெருக்குண்டு வருங்கால் அப்பையின்மேல் பேரழுத்தம் விழுகின்றது. பெண்குட்டியின் சிறுநீர்த்தாரை குறுகிய நீளமும் அகன்ற வாயும் உடையதாகையால் அழுத்தத்துக்கு ஈடுகொடுத்துச் சிறுநீர் வெளியேறிவிடக்கூடும். ஆண்குட்டிக்கோ அது நீண்டு ஒடுங்கியது. வழி கிடையாத நீர் பையின் சுவரைக் கிழித்துக்கொண்டு வயிற்றறைக்குள் பாய்கின்றது. பையின் மேற்புறச் சுவரிலேயே இக்கிழிவு மிகுதியும் காணப்படுகின்றது. ஆண்குட்டிகளிடம் இக்கோளாறு அதிகம் என்பதற்குக் கூறப்பட்டு வரும் விளக்கம் இதுவே.

இவ்விளக்கம் பெரும்பாலும் பொருந்துமாயினும் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தாது. அறுவைச் சிகிச்சையின்போது பார்த்தால், சில குட்டிகளில் கிழிவின் ஓரங்கள் வழவழப்பாக, இரத்தக் கசிவோ வீக்கமோ இன்றி அமைந்துள்ளன. அவை புதிதாய்க் கிழிந்தவையல்ல. பையின் சுவர் கருவிலேயே சரிவர மூடாமல் நின்றுவிட்டவை என்று கருதப்படுகின்றது. இன்னும் சில குட்டிகளில் பிறக்கும்போது பை முழுமையாகவே இருந்து, நான்கைந்து நாள் கழித்தோ அதற்கும் பின்னரோ உடைகின்றது. கொப்பூழ் வழியாக நுழைந்த நோய்க்கிருமிகள் யூராகஸ் குழாயையும் பையின் நுனியையும் அழுகச் செய்வதே இதற்குக் காரணம். எழுந்து நிற்க இயலாமல் படுத்த படுக்கையாய்ச் சிகிச்சை பெறும் குட்டிகளுக்கு இது பெரிதும் நேர்கின்றது. இதில் ஆண், பெண் என்ற வேற்றுமை அவ்வளவாக இல்லை. ஆதலின் "பெண்குட்டிதானே, இந்நோய் வாராது" என்று எவரும் அலட்சியமாக இருத்தல் கூடாது.

மனிதர் கையால் விளையும் கிழிவும் உண்டு. தள்ளாடும் குட்டியை நிறுத்தும் பொருட்டு வயிற்றின் அடியில் கையைக் கொடுத்து வெடுக்கென்று தூக்குவது பல லாயங்களில் காணும் வழக்கம். நிரம்பிய பையின்மேல் இவ்வாறு விழும் அழுத்தம் ஆபத்தானது. ஒரு கையை மார்பின் முன்புறத்திலும் மற்றொரு கையைப் பின்தொடைகளின் பின்புறத்திலும் அணைத்துத் தாங்குவதே முறை.

இரண்டு நாள் மயக்கம்

இந்நோயில் குட்டிகள் மடிவதற்குத் தலையாய காரணம், முதல் நாளில் எதுவும் தெரியாமையே. பை கிழிந்த குட்டி பிறந்தவுடன் மற்றக் குட்டிகளைப் போலவே ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும், இரண்டு மணி நேரத்தில் சீம்பால் குடிக்கும், துள்ளவும் செய்யும். வயிற்றறையில் தேங்கும் சிறுநீர் ஓரளவு சேர்ந்த பின்னரே, அதாவது இருபத்து நான்கு மணி முதல் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள், அடையாளங்கள் தலைகாட்டுகின்றன. அதற்குள் காவற்காரர், "குட்டி நன்றாயிருக்கிறது" என்று பண்ணைக் குறிப்பில் எழுதி முடித்திருப்பார்.

முதலில் தோன்றும் அடையாளம், குட்டி அடிக்கடி சிறுநீர் கழிக்க முயல்வதாகும். சில துளிகளே வரும், மீண்டும் முக்கும். இதனைக் கண்டோர் முதல் மலம் கட்டிக்கொண்டதென்று எண்ணி எனிமா கொடுக்கின்றனர். பயனில்லாமை கண்டு மறுபடியும் கொடுக்கின்றனர். ஆசனவாய் புண்ணாகின்றதேயன்றி வேறு பயன் இல்லை. கிடைத்தற்கரிய ஒரு நாளும் கழிந்துவிடுகின்றது.

இரண்டு முக்கலுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்ணாலேயே அறியலாம். மலம் கட்டிய குட்டி முதுகைக் கூன்போல் மேலே வளைத்து, பின்கால்களை வயிற்றின் கீழ் ஒடுக்கி, வாலைத் தூக்கி முக்கும். சிறுநீருக்காக முக்கும் குட்டி பின்கால்களைப் பின்னே அகல நீட்டி, முதுகைக் கீழ்நோக்கித் தாழ்த்தி நிற்கும். லாயச் சுவரில் இவ்விரு நிலைகளையும் கரிக்கோட்டால் வரைந்து வைத்தல், எழுத்தறியாப் பணியாளருக்கும் பயன்படும் ஏற்பாடாகும். ஆனால் இரண்டு கோளாறும் ஒரே குட்டிக்கு ஒருங்கே நேர்தலும் உண்டு. ஆகவே எனிமாவுக்குப் பின் மலம் கழிந்த குட்டி மீண்டும் முக்குமாயின், மருத்துவரை அழைப்பதில் தாமதம் ஆகாது.

குட்டி தாராளமாகச் சிறுநீர் கழிப்பதைக் கண்ணால் கண்டோம், ஆதலால் பை கிழியவில்லை என்று முடிவு கட்டுவதும் பிழையே. கிழிவு சிறியதாகவோ, பையின் மேற்பகுதியிலோ இருப்பின் ஒரு பங்கு வெளியேயும் ஒரு பங்கு உள்ளேயும் செல்லும். ஆரோக்கியமான ஆண்குட்டி பிறந்து ஏறத்தாழ ஆறு மணி நேரத்திலும், பெண்குட்டி பத்துப் பதினொரு மணி நேரத்திலும் முதன்முறை சிறுநீர் கழிக்கின்றது. அந்நேரத்தைக் குறித்து வைத்தல் நன்று. ஆயினும் அக்குறிப்பு ஒன்றையே நம்புதல் கூடாது.

அடுத்துக் குட்டி பால் குடிப்பதைக் குறைக்கின்றது. தாயின் மடி பால் கட்டி விம்முதலும், காம்பினின்றும் பால் தானே சொட்டுதலும் இதனைக் காட்டிக்கொடுக்கும். குட்டியின் வயிறு இரு பக்கமும் பேரிக்காய்போல் பருக்கும். ஒரு பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மறுபக்கத்தை விரலால் சுண்டினால், நீர் நிறைந்த தோற்பையில் எழுவது போன்ற அலை கையில் தட்டுப்படும். பின்னர் மூச்சு விரைவாகும், நாடி தாறுமாறாகும், முடிவில் வலிப்பும் தோன்றும். காய்ச்சல் வேண்டுமென்பதில்லை. 99 முதல் 102 பாகை பாரன்ஹீட் வரை இயல்பான உஷ்ணமுள்ள குட்டியும் இந்நோயால் சாகக்கூடும்.

இரத்தத்தில் நிகழ்வது யாது

வயிற்றறையில் சிறுநீர் தேங்கியதாலேயே குட்டி ஏன் இறக்க வேண்டும் என்று மாணவர் வினவக்கூடும். இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கு ஓர் எளிய சோதனை உதவும். கோழிமுட்டை ஒன்றைக் காடியில் ஓரிரு நாள் ஊறவைத்தால் ஓடு கரைந்து சவ்வு மட்டும் நிற்கும். அம்முட்டையைத் தூய நீரில் இட்டால் உப்பும். செறிந்த உப்பு நீரில் இட்டால் சுருங்கும். சவ்வின் இரு புறமும் செறிவு வேறுபட்டால் நீர் செறிவு மிகுந்த பக்கத்துக்குச் செல்லும் என்பது இதனால் விளங்கும்.

குட்டியின் வயிற்றறையைப் போர்த்திய மெல்லிய சவ்வும் இத்தகையதே. ஆனால் முட்டைச் சவ்வைக் காட்டிலும் தாராளமானது. நீரை மட்டுமன்றி, சிறு உப்புகளையும் அது இரு புறமும் செல்லவிடும். பால் ஒன்றையே உணவாகக் கொண்ட குட்டியின் சிறுநீர் மிக நீர்த்தது. ஏனெனில் நாள்தோறும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேலான எடையுள்ள பாலை அது குடிக்கின்றது. ஐம்பது கிலோ எடையுள்ள குட்டி முதல் வாரத்தில் நாளொன்றுக்கு ஆறேழு லிட்டர் சிறுநீர் கழிக்கும். குதிரைப் பாலில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். ஆதலின் சிறுநீரிலும் அப்படியே. இச்சிறுநீர் வயிற்றறையில் தேங்கினால், இரத்தத்திலுள்ள சோடியமும் குளோரைடும் சவ்வைக் கடந்து அதனுள் இறங்குகின்றன. அதிலுள்ள நீரும் பொட்டாசியமும் யூரியாவும் இரத்தத்துக்குள் ஏறுகின்றன. உடல் வெளியேற்றிய கழிவை உடலே மறுபடி உறிஞ்சுகின்றது எனலாம்.

இரத்தத்தில் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்க வேண்டிய சோடியம் 125-க்கும் கீழே இறங்குங்கால் மூளைத் திசுக்கள் நீர் ஏறி வீங்குகின்றன. வலிப்பு இதனால் வருவது. நான்கு மில்லிமோல் அளவில் நிற்க வேண்டிய பொட்டாசியம் ஆறு, ஏழு என்று ஏறுங்கால் இதயம் தன் துடிப்பின் ஒழுங்கை இழக்கின்றது. இதய மின்வரைபடத்தில் முதல் அலை மறைந்து, கடைசி அலை கூடாரம்போல் உயர்ந்து நிற்பது இதன் அடையாளம். குட்டியைக் கொல்வது வயிற்றின் பருமனன்று, பொட்டாசியமே.

நோயை உறுதி செய்தல்

மருத்துவர் வயிற்றின் அடிப்புறத்தில் ஊசியிட்டு நீரைச் சிறிது எடுத்து, அதனையும் இரத்தத்தையும் ஒருங்கே சோதிக்கின்றார். இங்கே யூரியாவை அளப்பதைவிடக் கிரியாட்டினினை அளப்பது சாலச் சிறந்தது. யூரியாவின் மூலக்கூறு சிறியது. விரைவில் சவ்வைக் கடந்து இரு புறமும் சமமாகிவிடும். கிரியாட்டினின் மூலக்கூறு ஏறத்தாழ அதன் இரு மடங்கு எடையுள்ளது, மெல்லவே கடக்கும். வயிற்று நீரில் கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் உள்ளதைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோ இருப்பின், அந்நீர் சிறுநீரே என்பதில் ஐயமில்லை. பிறந்த அன்று சில குட்டிகளின் இரத்தத்தில் மட்டும் கிரியாட்டினின் மிகுந்திருத்தல் உண்டு; அது தாயின் நஞ்சுக்கொடி சரிவர வேலை செய்யாமையைக் குறிப்பது, பைக் கிழிவை அன்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதன் தேவை இதனால் புலனாகும்.

ஸ்கேன் கருவி கிடைக்குமிடத்தில் வேலை இன்னும் எளிது. வயிறு நிறைய நீரும், அதில் மிதக்கும் குடலும், சுருங்கி மடிந்த சிறுநீர்ப்பையும் திரையில் தெரியும். கருவி இல்லாத ஊர்களில் பழைய முறை இன்னும் கைகொடுக்கின்றது: வடிகுழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் தூய மெதிலீன் நீலக் கரைசலைச் செலுத்திச் சில நிமிடங்கள் கழித்து வயிற்று நீரை எடுத்தால் அது நீலமாயிருக்கும். எனினும் கிழிவு சிறுநீர் நாளத்தில் இருப்பின் இச்சோதனை பொய்த்துப்போகும். சாயம் அங்கே செல்வதில்லை.

மருத்துவமனையில் வேறு நோய்க்காக நரம்பு வழி உப்பு நீர் ஏற்றப்பட்டு வரும் குட்டிகளில் மேற்கூறிய சோடிய, பொட்டாசிய மாறுதல்கள் தென்படாமலே போகலாம். ஆய்வுக்கூட எண்கள் நன்றாயிருக்கின்றன என்று வயிற்றின் பருமனைப் புறக்கணித்தல் தகாது.

சிகிச்சை: முதலில் மருந்து, பின்னரே கத்தி

கிழிந்த பையைத் தைக்க வேண்டும் என்பது வெளிப்படை. ஆகவே குட்டியைக் கொண்டுவந்தவர் உடனே அறுவை செய்யுமாறு மருத்துவரை நெருக்குவதுண்டு. இந்த அவசரமே பல குட்டிகளுக்கு யமனாக முடிகின்றது. பொட்டாசியம் மிகுந்த இரத்தத்தோடு மயக்க மருந்து கொடுத்தால் இதயம் மேசையின்மேலேயே நின்றுவிடும். பொட்டாசியம் ஐந்தரை மில்லிமோலுக்குக் கீழே இறங்கும் வரை காத்திருத்தல் பொதுவான விதி. அக்கோளாற்றை மருந்தால் தணிப்பதே அவசரச் சிகிச்சை. அறுவை அதன் பின்னர் வருவது.

இதற்கெனப் பொட்டாசியம் கலவாத உப்பு நீருடன் குளுக்கோஸ் நரம்பு வழியே ஏற்றப்படுகின்றது. குளுக்கோஸ் உடலில் இன்சுலினைச் சுரக்கச் செய்து பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளும். கால்சியம் குளுக்கோனேட் இதயத்தைக் காக்கும். அதே வேளையில் வயிற்றறையில் ஒரு வடிகுழாய் பொருத்தித் தேங்கிய சிறுநீர் மெல்ல மெல்ல வெளியேற்றப்படும். முழுவதையும் ஒரே மூச்சில் வடித்தால் வயிற்றின் அழுத்தம் திடீரென நீங்கி இரத்த அழுத்தம் சரியும். நெடுநாள் தாழ்ந்திருந்த சோடியத்தை ஒரே நாளில் உயர்த்துவதும் மூளைக்குத் தீங்கு. இதுவும் படிப்படியாகவே நடைபெறுதல் வேண்டும்.

களப் பணியாளர் இக்கட்டத்தில் செய்யத் தகாதவை சில உள. சிறுநீர் வரவில்லையென்று சிறுநீர் பெருக்கும் மருந்து கொடுத்தல் கிழிந்த பையின் வழியே மேலும் நீரை வயிற்றறைக்கு அனுப்புவதேயாகும். கைவசம் உள்ளதென்று பொட்டாசியம் கலந்த நரம்பு நீரை ஏற்றுதலும், வயிற்றை அமுக்கிப் பிசைதலும் அவ்வாறே விலக்கத்தக்கவை. குட்டியைத் தாயோடு சேர்த்தே வண்டியில் ஏற்றி, நெஞ்சின்மேல் சாய்ந்து படுக்கும் நிலையில் வைத்து, பிறந்த நேரம், முதற் சிறுநீர், முதல் மலம், பால் குடித்தது ஆகியவற்றை எழுதிய சீட்டுடன் அனுப்புவது மருத்துவருக்குப் பேருதவி. மகாராஷ்டிரத்தில் பம்பாய், சிர்வல் ஆகிய ஊர்களிலும், தமிழ்நாட்டில் 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி முதலியவற்றிலும் கால்நடை மருத்துவக் கல்வி நடைபெறுகின்றது. குதிரை நோய் ஆராய்ச்சிக்கென மத்திய அரசு ஹிசாரில் தனி நிலையம் அமைத்துள்ளது.

அறுவையில் வயிற்றின் அடிப்பகுதியைத் திறந்து, யூராகஸ் குழாயையும் கொப்பூழின் எஞ்சிய இரத்தக் குழாய்களையும் அறுத்தெடுத்துவிட்டு, பையின் கிழிவை இரு அடுக்காகத் தைக்கின்றனர். தையல் நூல் உடலில் கரையும் வகையாயிருத்தல் இன்றியமையாதது. கரையாத நூல் பையினுள் நீட்டிக்கொண்டிருப்பின் அதன்மேல் உப்புப் படிந்து பிற்காலத்தில் கல்லாகும். கிருமித் தாக்குதல் இல்லாமல், நோய் விரைவில் கண்டறியப்பட்ட குட்டிகளில் பெரும்பாலானவை பிழைத்து, வளர்ந்து, பிறவற்றைப் போலவே ஓடவும் செய்கின்றன. கிருமி இரத்தத்தில் பரவிய குட்டிகளுக்கு அந்நம்பிக்கை குறைவு.

கொப்பூழைச் சார்ந்த பிற கோளாறுகள்

கொடி அறுந்த பின்னரும் யூராகஸ் மூடாமல் நின்றால் கொப்பூழிலிருந்து சிறுநீர் சொட்டும். அவ்விடம் எப்போதும் ஈரமாயிருக்கும். மூடியது மீண்டும் திறத்தலும் உண்டு; அது பெரும்பாலும் கிருமித் தாக்குதலின் அடையாளம். குழாய் தோலின் கீழ்க் கிழிந்தால் சிறுநீர் தசையிடுக்கில் பரவிக் கொப்பூழைச் சுற்றிக் குளிர்ந்த வீக்கம் தோன்றும். சிறுநீர் நாளம் கிழிதல் அரிது. அதில் நீர் முதலில் முதுகுப்புறத்துச் சவ்வுக்குப் பின்னே தேங்குவதால் அடையாளங்கள் இன்னும் தாமதமாகவே வெளிப்படும்.

கொடியைக் கத்தியால் அறுக்காமல், தாய் எழும்போதோ குட்டி அசையும்போதோ தானே அறும்படி விடுதல் நன்று. பழைய கைந்நூல்களில் கூறப்பட்ட ஏழு விழுக்காட்டுச் செறிந்த அயோடின் கரைசல் கொப்பூழின் இளந்தசையைச் சுட்டுவிடுகின்றது; அச்சூட்டுப் புண்ணே யூராகஸ் மூடாமைக்குக் காரணமாகலாம். இக்காலத்தில் அரை விழுக்காட்டுக் குளோர்ஹெக்சிடின் கரைசலே விரும்பப்படுகின்றது. கடையில் கிடைக்கும் இரண்டு விழுக்காட்டுக் கரைசல் ஒரு பங்குடன் தூய நீர் மூன்று பங்கு சேர்த்தால் இது கிடைக்கும். முதல் நாளில் சில முறை கொப்பூழை இதில் நனைத்தல் போதுமானது. தாய்க்கு ஈற்றுக்கு முன் இரணஜன்னித் தடுப்பூசி போடப்படாதிருந்தால் குட்டிக்கு இரணஜன்னி ஊநீர் அளிப்பதும் வழக்கம். அவ்வூநீர் குதிரையின் இரத்தத்திலிருந்தே எடுக்கப்படுவது. ஹடப்சர் நிறுவனம் தன் தொடக்க நாட்களில் தயாரித்ததும் இதுவே.

சீம்பால் குடியாத குட்டிக்குக் கிருமிகளை எதிர்க்கும் வலிமை இல்லை. பிறந்து பதினெட்டு முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவைச் சோதித்தல், டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்குக் குறைந்தால் மருத்துவரிடம் தெரிவித்தல் ஆகியன நல்ல பண்ணைகளில் நடைமுறையாகிவிட்டன. அறுவை செய்யப்பட்ட குட்டிக்கும் இச்சோதனை விலக்கன்று. தையல் ஆறும் வரை முதல் சில நாட்கள் சிறுநீர்ப்பையில் வடிகுழாய் வைத்திருப்பதுண்டு. அப்போது குழாயின் முனையை நாள்தோறும் தூய்மை செய்வதும், சேரும் சிறுநீரை அளந்து எழுதுவதும் பணியாளரின் பொறுப்பு. அளவு திடீரெனக் குறைந்து வயிறு மீண்டும் பருக்குமாயின், தையல் விட்டுப்போயிற்று என்று கொண்டு அன்றைக்கே மருத்துவருக்குச் செய்தி அனுப்புதல் வேண்டும்.